அம்மாவிடம் பேசிவிட்டுப் போனை வைத்ததும் வருமே, அதற்கு ஜெர்மனில் ஒரு சொல் கட்டலாமா?

நெக்கார்க்கரை:
ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். வந்து மூன்றரை வருஷம் ஆகிறது. இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் அறைக்கு வந்ததும் ஊருக்குப் போன் போடுவேன். அம்மா பேசும்போது பின்னால் குக்கர் விசில் கேட்கும், பக்கத்து வீட்டு நாய் குரைக்கும், அப்பா "யாரு, பாப்பாவா?" என்று தூரத்திலிருந்து கேட்பார். அப்புறம் "சரிம்மா, தூங்கணும்" என்று வைத்துவிடுவேன். வைத்த அந்த நொடியில் அறை அப்படியே அடங்கிப் போகும். ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும்தான் இருக்கும், அதுவரை அது ஓடிக்கொண்டிருந்ததே எனக்குத் தெரிந்திருக்காது.

கூட வேலை செய்யும் ஜெர்மன்காரப் பெண்ணிடம் இதைச் சொல்லப் பார்த்தேன். "ஓ, ஹைம்வே" என்றாள். வீட்டு ஏக்கம். இல்லை, ஹைம்வே வேறு. அது எப்போதும் அடியில் ஓடிக்கொண்டே இருப்பது. நான் சொல்வது போனை வைத்த பிறகு ஐந்து நிமிஷம் மட்டும் இருந்துவிட்டுப் போவது. அழுகை வராது, எழுந்திருக்கவும் தோன்றாது, போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

இரண்டு சொல்லை ஒட்டினால் மூன்றாவது பிறக்கிற மொழியில்தானே இருக்கிறோம் என்று நானே ஒன்று செய்து பார்த்தேன்: அவுஃப்லேகன்ஷ்டில்ல. அவுஃப்லேகன் என்றால் போனை வைப்பது, ஷ்டில்ல என்றால் நிசப்தம். சரியாக இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உங்களுக்கும் இப்படிப் பெயர் இல்லாத உணர்வு ஏதாவது இருந்தால் போடுங்கள்.

ரூர்ப்பிள்ளை:
அக்கா, சொல் நல்லாயிருக்கு. ஒரு சின்னத் திருத்தம் மட்டும். நான் டோர்ட்முண்டில் பிறந்து வளர்ந்தவன், வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ், வெளியில் முழுக்க ஜேர்மன், அதனால் காதில் பட்டதைச் சொல்கிறேன். வினைச்சொல் முன்னால் வந்து ஒட்டும்போது பெரும்பாலும் கடைசி 'ன்' விழுந்துவிடும். வார்ட்டன் என்றால் காத்திருப்பது, ஆனால் டொக்டரிடம் காத்திருக்கிற அறை வார்ட்டட்சிம்மர். லேஸன் வாசிப்பது, வாசிப்புப் புத்தகம் லேஸபூக். அதே மாதிரி உங்களுடையது அவுஃப்லேகஷ்டில்ல.

இப்படிச் சொல்லிப் பார்த்தால் என் காதில் ஆன்லேகஷ்டெல்ல என்ற சொல் வந்து நிற்கிறது. படகு வந்து கரையில் அணைகிற துறை. ஓசையில் அவ்வளவு கிட்ட இருக்கு. ஜேர்மன் ஆள் ஒருவர் முதல் தடவை கேட்டாலும் ஏற்கெனவே இருந்த சொல் என்றுதான் நினைப்பார்.

ஆஹன்_ரெண்டாம்செமஸ்டர்:
அருமையான இழை. ஆனால் அம்மாவே சொல்லில் இல்லையே? நான் இதைப் பரிந்துரைக்கிறேன்: முட்டர்ஷ்டிம்மன்நாக்ஹால்ஷ்மெர்ட்ஸ். அம்மா, குரல், எதிரொலி, வலி, நான்கும் வந்துவிட்டது. ஜெர்மன் கூட்டுச்சொல் என்றாலே நீளம்தானே அதன் அழகு. மெக்லென்பூர்க்-ஃபோர்போமர்ன் மாநிலத்தில் 1999இல் ஒரு சட்டத்துக்கு வைத்த பெயரில் 63 எழுத்துகள். மாட்டிறைச்சியில் லேபிள் ஒட்டுவதைக் கண்காணிக்கிற பணியை ஒப்படைக்கும் சட்டம், மொத்தமும் ஒரே சொல். அந்த வசதி இருக்கும்போது நாம் ஏன் இரண்டோடு நிற்க வேண்டும்?

ரூர்ப்பிள்ளை:
தம்பி, அந்தச் சட்டத்தை 2013இல் எடுத்துவிட்டார்கள், சொல்லும் அதோடு போய்விட்டது. அது காகிதத்தில் இருந்த பெயர், வாயில் இருந்ததில்லை. உணர்வுக்கு இங்கே வாழ்கிற சொற்களைப் பாருங்கள். ஹைம்வே, வீடு-நோவு. ஃபெர்ன்வே, தூரம்-நோவு, எங்காவது போகவேண்டும் என்ற தவிப்பு. லாம்பன்ஃபீபர், விளக்கு-காய்ச்சல், மேடை ஏறுமுன் வருவது. ரைஸஃபீபர், பயணத்துக்கு முதல் நாள் இரவு பெட்டியைத் திறந்து திறந்து பார்க்க வைப்பது. ஃபுட்டர்நைட், தீனி-பொறாமை, பக்கத்து ஆளின் தட்டைப் பார்த்து வருவது. எல்லாம் இரண்டே துண்டு. முன்னால் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருளோ இடமோ, பின்னால் உணர்வு, அவ்வளவுதான்.

நாலு துண்டு ஒட்டினால் இலக்கணம் தப்பில்லை. ஆனால் கேட்கிற ஆள் சொல்லை அவிழ்த்துக்கொண்டு நிற்பார், உங்கள் மனசு அவருக்கு வந்து சேராது. அம்மா, குரல், எதிரொலி என்று எல்லாவற்றையும் நீங்களே சொல்லிவிட்டால் அவர் தன் பக்கத்திலிருந்து கொண்டுவந்து வைக்க என்ன மிச்சம்? ட்ராமில் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு தடவை சொல்ல வேண்டும், அவர் "கெனாவ்", அதேதான், என்று தலையாட்ட வேண்டும். விளக்கம் கேட்டார் என்றால் சொல் தோற்றுவிட்டது. எனக்கு இது ஒன்றுதான் அளவுகோல்.

மொழிப்பித்து:
ரூர்ப்பிள்ளை சொல்வதை வரலாறும் ஒத்துக்கொள்கிறது. நெக்கார்க்கரை அக்காவின் கதைக்கு நேராகத் தொடர்புள்ள ஒன்றைச் சொல்கிறேன். 1688இல் பாசல் நகரத்தில் ஜோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஓர் ஆய்வுரை எழுதினார். வெளியூரில் இருக்கும் சுவிட்சர்லாந்துக்காரர்களுக்கு வருகிற ஒரு நோயைப் பற்றியது. பெர்னிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த ஒரு பையன் இளைத்துப் படுத்துவிட்டான், மருந்து கேட்கவில்லை, ஊருக்கு அனுப்பியதும் குணமானான் என்று அதில் ஒரு கதை வருகிறது. மக்கள் அந்த நோயை ஹைம்வே என்றார்கள். மருத்துவ உலகத்துக்குக் கிரேக்கப் பெயர் வேண்டுமே என்று ஹோஃபர் திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி நோஸ்டால்ஜியா என்று கட்டினார். நாம் இன்று பழைய பாட்டுக்கும் பழைய போட்டோவுக்கும் சொல்கிற நாஸ்டால்ஜியா, ஓர் ஆல்ப்ஸ் மலைநாட்டுச் சொல்லைப் பார்த்து ஒரு மாணவர் கட்டிய கூட்டுச்சொல். ஆகவே "நாம் யார் சொல் கட்ட" என்று யாரும் தயங்க வேண்டாம்.

வால்ட்ஐன்சாம்கைட், காட்டுத்தனிமை. 1797இல் லுட்விக் டீக் ஒரு கதையில் ஒரு பறவையைப் பாடவைத்து அந்தச் சொல்லைக் கொண்டுவந்தார். வெல்ட்ஷ்மெர்ட்ஸ், உலக-வலி, ஜான் பால் எழுதி அவர் இறந்த பிறகு 1827இல் வந்த நூலில் இருக்கிறது. இவையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து கட்டியவை. யாரும் இங்கே அகராதிக் குழுவிடம் அனுமதி வாங்கவில்லை.

நம் காலத்திலேயே நடந்ததும் உண்டு. மற்றவர் அசிங்கப்படுவதைப் பார்த்து நமக்குக் கூசுமே, ஃப்ரெம்ட்ஷேமன், அதை 2010இல் ஆஸ்திரியாவில் அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தார்கள். விமானத்தில் போவதற்கு வெட்கப்படும் ஃப்ளூக்ஷாம் ஸ்வீடன் மொழிச் சொல்லைப் பார்த்துக் கட்டியது, 2020 டூடன் அகராதிக்குள் போய்விட்டது. கொரோனா சமயத்தில் மான்ஹைமில் உள்ள ஜெர்மன் மொழி நிறுவனம் புதுச்சொற்களைத் திரட்டியபோது ஆயிரத்தைத் தாண்டியது. அதில் எனக்கு மறக்காதது இம்ப்ஃப்நைட். தடுப்பூசி-பொறாமை. 2021இல் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஊசி கிடைத்துவிட்டது, நமக்கு இன்னும் தேதி வரவில்லை. அந்த உணர்வுக்கு முந்தைய வருஷம் இடமே இல்லை. உணர்வு வந்த மாதமே பெயரும் வந்தது, யாரும் விளக்கம் கேட்கவில்லை.

பி1_எழுதப்போகிறேன்:
கோயம்புத்தூரில் ஜெர்மன் பி1 நிலை படிக்கிறேன். ஒரு சந்தேகம். பின்னால் வைக்கும் உணர்வுச்சொல்லை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஸேன்ஸுக்ட் என்றால் ஏக்கம் என்று வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் ஸுக்ட்டைப் பின்னால் வைத்து எந்த ஏக்கத்துக்கும் சொல் கட்டலாம்தானே? முட்டர்ஸுக்ட், அம்மா ஏக்கம்?

நெக்கார்க்கரை:
இதற்கு நான் பதில் சொல்கிறேன், வேலையில் தினமும் கேட்கிற சொல். இன்று தனியாக ஸுக்ட் என்றால் அடிமைப்பழக்கம், குடி, மாத்திரை, போன் எல்லாம். நீ முட்டர்ஸுக்ட் என்று சொன்னால் அம்மாவைக் குடிப்பழக்கம் போல விடமுடியாத ஆள் என்று கேட்கும். அந்தக் காலத்தில் ஸுக்ட் என்றால் நோய். எங்கள் பதிவேட்டில் மஞ்சள் காமாலைக்குப் பெயர் கெல்ப்ஸுக்ட், மஞ்சள்-நோய். காசநோயை முன்பு ஷ்விண்ட்ஸுக்ட் என்பார்கள், தேய்ந்துபோகும் நோய். ஸேன்ஸுக்ட் அந்தக் குடும்பத்துப் பிள்ளை, ஏங்கும் நோய். பொறாமையும் அங்கேதான், ஐஃபர்ஸுக்ட். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து ஸேன்ஸுக்ட் என்ற சொல்லைப் பாட்டில் கேட்டாலும் எனக்குப் படுக்கைப் பக்கத்து அட்டவணைதான் கண்ணில் வருகிறது. பாவம், அவ்வளவு பழைய வலி அந்தச் சொல்லுக்குள்.

வே வைத்தும் யோசித்தேன், முட்டர்வே என்று. சரிவரவில்லை. வேஎன் என்றால் பிரசவ வலி, அம்மா என்று முன்னால் வந்ததும் மனசு அங்கேதான் போகும்.

கரும்பலகை:
தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மகன் வீட்டுக்கு வந்தபோது கொஞ்சம் ஜெர்மன் படித்தேன். அம்மா, நீங்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். முட்டர்லீப என்றால் தாய் காட்டும் அன்பு. டீர்லீப என்றால் விலங்குகள் மேல் நாம் காட்டும் அன்பு. இரண்டிலும் பின்சொல் ஒன்றே, கட்டுமானமும் ஒன்றே, அன்பு போகிற திசை மட்டும் மாறிவிட்டது. நமக்கு இது புதிதல்ல. தாய்ப்பாசம் என்றால் தாய் காட்டுவது என்று முதலில் தோன்றும், பிள்ளைப்பாசம் என்றால் பிள்ளை மேல் வைப்பது. இடையில் இருக்கிற உருபு மறைந்துவிட்டது, எந்த உருபு மறைந்தது என்று கேட்பவர்தான் முடிவு செய்கிறார். வேற்றுமைத்தொகை நடத்திய வகுப்புகள் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டன. ஆகவே புதுச்சொல் கட்டும்போது, உணர்வு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று குழம்பாத முன்சொல்லாகப் பாருங்கள். போனை வைப்பதில் அந்தக் குழப்பமே இல்லை, அதனால்தான் உங்கள் சொல் நிற்கிறது.

இன்னொன்று. இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு 'ஸ்' அல்லது 'ன்' வருகிறதே, மாணவர்கள் அதற்கு விதி கேட்டுத் தவிக்கிறார்கள். லீப பெண்பால் சொல், அதன் ஆறாம் வேற்றுமையில் ஸ் வராது, ஆனாலும் காதல் கடிதம் லீபஸ்ப்ரீஃப். இதை நம் சாரியை என்று நினைத்துக்கொள்ளுங்கள், தவிப்பு குறையும். ஆற்றங்கரையில் அம் எதற்கு? தென்னந்தோப்பில் எதற்கு? பொருள் எதுவும் அதற்கு இல்லை, இரண்டு சொல்லும் முட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு சிறு மெத்தை. சாரியை வருவதும் உண்டு, வராததும் உண்டு, இரண்டும் சரியாவதும் உண்டு என்றுதான் நம் இலக்கணமே சொல்கிறது.

பி1_எழுதப்போகிறேன்:
ஐயா, மிக்க நன்றி. ஆற்றங்கரையை வைத்து இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ரூர்ப்பிள்ளை:
ஐயா சொன்னது முழுக்கச் சரி. தங்கச்சிக்கு இரண்டு பிடிமானம் மட்டும் சொல்கிறேன். உங், ஹைட், கைட், ஷாஃப்ட் என்று முடிகிற முன்சொல் என்றால் ஸ் வரும், ப்ரூஃபுங்ஸ்ஆங்ஸ்ட், பரீட்சைப் பயம். லாம்ப மாதிரி முடிகிற பெண்பால் சொல் என்றால் பல இடத்தில் ன் வரும், லாம்பன்ஃபீபர். மிச்சத்தைக் காது பழக்கித் தரும்.

ஆஹன்_ரெண்டாம்செமஸ்டர்:
என் நீளச்சொல்லை வாபஸ் வாங்குகிறேன். இரண்டு நாளாக யோசித்து வேறு ஒன்று கொண்டுவந்திருக்கிறேன், இது எனக்கு நிஜமாகவே நடப்பது.

காலையில் பேக்கரி வரிசை. எனக்கு முன்னால் ஐந்து பேர். நான் மனசுக்குள் "இரண்டு ப்ரோட்ஷன், ஒரு பிரெட்ஸல்" என்று சரியான வேற்றுமையோடு, ஆண்பால் பெண்பால் தப்பாமல், பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். நாலு பேர், மூன்று பேர், உள்ளங்கை வேர்க்கிறது. என் முறை வந்தது, சொன்னேன், ஒரு தப்பும் இல்லை. அந்த அம்மா பை ஒன்றை உதறிக்கொண்டே வேகமாக ஏதோ திருப்பிக் கேட்டார். வெண்ணெய் பிரெட்ஸலா, சாதாரணமா என்று கேட்டிருக்கிறார், வெளியே வந்து நடக்கும்போதுதான் புரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு வந்த ஒரே சொல் "யா". வெண்ணெய் தடவியது கிடைத்தது. பின்னால் நின்றவர்கள் யாரும் என்னைப் பார்க்கக்கூட இல்லை, ஆனால் முதுகு முழுக்கச் சூடு.

இதற்கு டேக்கன்ஃபீபர். டேக்க என்றால் கடையின் கவுண்டர் மேசை, ஃபீபர் காய்ச்சல். பெண்பால் சொல், அதனால் நடுவில் ன். லாம்பன்ஃபீபரைப் பார்த்துக் கட்டினேன், ஏனென்றால் அதுவும் மேடைதான், வசனம் மறந்துவிடும் என்ற பயம்தான்.

ரூர்ப்பிள்ளை:
டேக்கன்ஃபீபர், நூற்றுக்கு நூறு. என் அம்மாவிடம் இப்பவே வாசித்துக் காட்டினேன். அவ 80களில் வந்தவ, ஒரு சொல்லும் தெரியாமல் கடையில் விரலால் காட்டி வாங்கின காலத்தைக் கதைக்கத் தொடங்கிவிட்டா. அரை மணித்தியாலம் ஆச்சு, இன்னும் முடியவில்லை. இத்தனை வருஷம் இந்தக் கதை எனக்குச் சொன்னதில்லை.

மஞ்சள்_உறை:
நானும் ஒன்று போடலாமா? ப்ரீஃப்காஸ்டன்ஆங்ஸ்ட். தபால்பெட்டிப் பயம். இந்த நாட்டில் முக்கியமானது எல்லாம் இன்னும் காகிதத்தில்தான் வரும். அதிகாரபூர்வமாகச் சார்பு செய்யும் கடிதங்கள் மஞ்சள் உறையில் வரும், போஸ்ட்மேன் தேதி எழுதிவிட்டுப் பெட்டியில் போட்டால் வந்து சேர்ந்ததாகவே கணக்கு, அந்த நாளிலிருந்து கெடு ஓட ஆரம்பித்துவிடும். விசா புதுப்பிப்புக்கு நாலு மாதம் காத்திருந்த சமயத்தில் நான் பெட்டியின் துளை வழியாக உள்ளே நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு, திறக்காமல் மாடி ஏறிவிடுவேன். பீட்சா கடை விளம்பரம் தெரிந்தால் அன்றைக்கு நல்ல தூக்கம்.

தேன்மொழி_வாசகன்:
எல்லாம் சரி, ஆனால் ஒன்று கேட்க வேண்டும் போலிருக்கிறது. நம் உணர்வுக்கு எதற்கு அவர்கள் மொழியில் சொல்? தமிழிலேயே கட்டலாமே, தொகைச்சொல் நமக்கு இல்லாததா? இங்கே இத்தனை பேர் இவ்வளவு உழைப்பைப் போடுவதைப் பார்க்கும்போது அதைத் தமிழுக்குப் போட்டால் என்ன என்று வருத்தமாக இருக்கிறது.

நெக்கார்க்கரை:
உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் தமிழில் எனக்கு இந்தச் சொல் தேவைப்படவே இல்லை. அம்மாவிடம் "வச்சதும் ஒரு மாதிரி இருக்கும்மா" என்றால் போதும், அவளுக்கும் அங்கே அதே மாதிரிதான் இருக்கும். அக்காவிடம் அதுகூட வேண்டாம். சொல் தேவைப்படுவது இங்கே, பத்து நிமிஷ இடைவேளையில், காபி மெஷின் பக்கத்தில் நிற்கும்போது. "ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய்" என்று அக்கறையோடுதான் கேட்கிறார்கள். நான் "களைப்பு" என்று சொல்லிவிடுவேன். மூன்றரை வருஷமாகக் களைப்பு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் என்னை எப்போதும் தூக்கம் போதாத பெண் என்று நினைத்துவிட்டார்கள். பேச வேண்டிய ஆள் எந்த மொழியில் இருக்கிறாரோ அந்த மொழியில்தான் எனக்குச் சொல் வேண்டும்.

தேன்மொழி_வாசகன்:
இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. நீங்கள் சொல்வது நியாயம்.

மொழிப்பித்து:
என் பங்குக்கும் ஒன்று, இதோடு நிறுத்திக்கொள்கிறேன். போன வருஷம் ஆறு வாரம் மதுரையில் இருந்தேன். மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள், டிவி, இலையில் சாப்பாடு. எனக்குத் திடீரென்று எங்கள் தெருவின் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது. கடை எல்லாம் மூடி, ஆள் நடமாட்டம் இல்லாமல், தூரத்தில் மணி மட்டும் அடிக்கும். வந்த புதிதில் அந்த அமைதியைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதற்கு ஏங்கி மதுரையில் மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியவில்லை, தப்பு செய்தது போல் இருந்தது. கேகன்ஹைம்வே என்று பெயர் வைத்திருக்கிறேன். எதிர்க்காற்றைக் கேகன்விண்ட் என்கிறார்களே, அந்த மாதிரி எதிர்-ஏக்கம்.

ரூர்ப்பிள்ளை:
கேகன்ஹைம்வே. என் அப்பாவுக்கு இந்தச் சொல் இருபது வருஷத்துக்கு முன்னால் கிடைத்திருக்க வேண்டும்.

நெக்கார்க்கரை:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன், ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டி, தொண்ணூறை நெருங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை மாலை மகன் போன் செய்வார். பழைய மாதிரி தொலைபேசி, பெரிய எண்கள் உள்ளது, ரிசீவரை இரண்டு கையாலும் வைப்பார். அன்றைக்கு அவருக்கு மாத்திரை கொடுக்க நான் பக்கத்தில் நின்றேன். வைத்தார். வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் அப்படியே இருந்தார், பார்வை ஜன்னலில். எனக்கு அந்த உட்காரும் விதம் நன்றாகத் தெரியும். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது, "அவுஃப்லேகஷ்டில்ல" என்றேன்.

அது என்ன என்று கேட்கவில்லை. என்னைப் பார்த்தார், "யா" என்றார், "அப்புறம் கடிகாரம் சத்தம் போட ஆரம்பிக்கும்." சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டினார். என் அறையில் ஃப்ரிட்ஜ் என்று சொன்னேன். சிரித்தார். மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன், அன்று ஆள் குறைவு.

நேற்று மறுபடி ஞாயிறு. ரிசீவரை எடுப்பதற்கு முன்னாலேயே மணி அடித்து என்னைக் கூப்பிட்டார். என்ன வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாமாம். இப்போது மகன் பேசுவான், பேசி முடித்ததும் அவுஃப்லேகஷ்டில்ல வரும், அதற்கு ஐந்து நிமிஷம் வந்து உட்கார முடியுமா என்று கேட்டார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தபோது என்னவோ அவருடைய பாட்டி காலத்திலிருந்து இருந்தது போல இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஷிஃப்ட் குறிப்பில் அடுத்தவருக்கு இதை எழுதி வைக்க வேண்டும், ஞாயிறு மாலை ஐந்து நிமிஷம் கூட இருக்கவும் என்று. தம்பி, இந்தச் சொல்லுக்கு முன்னால் பால் காட்ட எதைப் போடுவது? டெர்ரா, டீயா, தாஸா?

ரூர்ப்பிள்ளை:
டீ, அக்கா. ஷ்டில்ல பெண்பால், கடைசிச் சொல்லின் பால்தான் முழுச்சொல்லுக்கும்.